நான் எண்ணிக் கொடுத்த ஆசிரியர்கள்

மவுண்ட் ஆல்பர்ட், ஆக்லாந்து
ஜூன் 12, வெள்ளி

அன்புள்ள நிலானிக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவின் கைக்கட்டைத் தவிர இங்கே உன் அண்ணன் ஆதவன் வீட்டில் எல்லாரும் நலம், நீ நலமா என்று கேட்கத்தான் பேனா நகரவில்லை. ஒன்பது நாளாக உன் போன் அணைந்து கிடக்கிறது. உன் அறைத்தோழி பிரணவி மட்டும் எடுக்கிறாள், "ரெண்டு வாய் தயிர்சாதம் சாப்பிட்டா ஆன்ட்டி, யார்கிட்டயும் பேச மாட்டேங்கிறா" என்கிறாள். அதனால்தான் இதைக் கையால் எழுதுகிறேன். ஆதவன் படமெடுத்து அனுப்புவான், பிரணவி அச்செடுத்து உன்னிடம் தருவாள். பாதியில் மடித்து வைத்துவிடாதே, கடைசி வரை படி, பிறகு என்னை என்ன வேண்டுமானாலும் சொல். இங்கே விடாமல் மழை, நேற்று ஆதவன் சான்ட்ரிங்ஹாம் கடைத்தெருவுக்குப் போய் முருங்கைக்காய் வாங்கி வந்தான், சாம்பார் வைத்தேன், யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் நடந்ததை நீ சொன்ன அளவிலும் பிரணவி சொன்ன அளவிலும் தெரிந்துகொண்டேன். பிரசவத்துக்கு வந்த பெண்ணுக்கு அவசரமாக ஆபரேஷன், மயக்கம் கொடுக்க உன்னைத் தவிர ஆள் இல்லை, டியூட்டியில் இருக்கவேண்டிய ஆசிரியரை மூன்று முறை கூப்பிட்டாய், அவர் வேறு ஊரில் இருந்தார். குழந்தையைக் காப்பாற்றிவிட்டீர்கள், தாய்க்கு மூச்சு நின்றது, நாற்பது நிமிடம் போராடியும் திரும்பவில்லை. விசாரணைக் குழு, மேற்பார்வை இல்லாமல் தன்னிச்சையாக மயக்கம் கொடுத்த முதுநிலை மாணவி என்று எழுதி உன்னை இடைநீக்கம் செய்துவிட்டது. "நான்தாம்மா கொன்னுட்டேன்" என்று சொல்லி நீ போனை வைத்தாய். அன்றிலிருந்து எனக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. நீ கொல்லவில்லை கண்ணே. உன் பக்கத்தில் நிற்கவேண்டிய ஆள் ஏன் இல்லை என்று எனக்குத் தெரியும். நான்கு வருடமாகத் தெரியும்.

அப்பாவுக்கு இதய ஆபரேஷன் நடந்த வருடம் நினைவிருக்கும், நீ திருச்சியில் அப்பாவோடு இருந்து ஹவுஸ் சர்ஜன் பயிற்சி செய்தாய், நான் ஐந்து மணி நேரத் தூரத்தில் ஒரு அரசுக் கல்லூரியில் மயக்கவியல் பேராசிரியராக மாட்டிக்கொண்டு மாறுதலுக்கு எழுதி எழுதி ஓய்ந்து போயிருந்தேன். அப்போதுதான் இப்போது நீ படிக்கும் கல்லூரிக்கு முதுநிலை இடங்கள் கொடுக்கலாமா என்று பார்த்துவரப் போன குழுவில் என்னையும் போட்டார்கள். மயக்கவியல் துறைக்குக் காட்டப்பட்ட ஆசிரியர்கள் ஏழு பேர், வரிசையாக நின்றார்கள். அதில் நான்கு பேர் கணக்குக் காட்டுவதற்காக அன்று காலை வேனில் வந்து இறங்கியவர்கள். ஒருவன் வரதராஜன், என்னிடமே படித்தவன், வேறு மாவட்டத்தில் வேலை பார்க்கிறான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கையெழுத்துப் போடும்போது நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கவில்லை. குழுத் தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பின்தங்கிய மாவட்டம் மேடம், நாம இல்லைன்னு எழுதினா சீட்டு போயிடும், ஜனங்களுக்குத்தானே நஷ்டம், ஆளெல்லாம் அப்புறம் போட்டுடுவாங்க" என்றார். கூடவே, "உங்க டிரான்ஸ்ஃபர் விஷயமும் என் காதுல இருக்கு" என்றார். நான் ஏழு என்று எழுதினேன். பதினைந்து நாளில் திருச்சிக்கு மாறுதல் வந்தது. எப்படிம்மா திடீர்னு கிடைச்சது என்று நீ கேட்டாய், கடவுள் கொடுத்தது என்று சொன்னேன்.

இதைவிடப் பெரிய பாவம் ஒன்று இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்னால் கவுன்சிலிங்கில் நீ அந்தக் கல்லூரியை எடுத்தபோது லேப்டாப்புக்கு எதிரில் உன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். "ஏழு ஃபேகல்டி இருக்காங்கம்மா, நல்லா கத்துக்கலாம்" என்று சந்தோஷமாகச் சொன்னாய். ஆள் போட்டிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு போன் செய்து விசாரித்திருக்கலாம். விசாரித்தால் உன்னிடம் காரணம் சொல்லவேண்டி வரும், அதற்குப் பயந்து உன்னை அங்கே அனுப்பினேன்.

போன வாரம் மழையில் அப்பா ரயில் நிலையப் படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்தது. இங்கும் ஒன்றும் சொர்க்கமில்லை, ஐந்து மணி நேரம் நாற்காலியில் காத்திருந்தோம். எலும்பைச் சரிசெய்வதற்கு முன் மரத்துப்போக ஊசி போட ஒரு பெண் வந்தாள், உன் வயதுதான் இருக்கும். தான் பயிற்சியில் இருப்பதாக அவளே சொன்னாள். சொல்லிவிட்டு, ஊசியைத் தட்டில் வைத்தபடி காத்து நின்றாள். மூத்த மருத்துவர் வந்து அவள் தோளருகே நின்ற பிறகுதான் கையில் எடுத்தாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை, வெளியே வந்து நடைவழியில் உட்கார்ந்து அழுதேன்.

அன்றே எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். ஆய்வு நடந்த தேதி, வேனில் வந்த நான்கு பேர், தலைவர் சொன்னது, எனக்குக் கிடைத்த மாறுதல், ஒன்றையும் விடவில்லை. அப்பா படித்துவிட்டு, "எனக்காகவா செஞ்சே" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டார். ஆதவன், "வக்கீலைக் கேக்காம அனுப்பாதேம்மா, கேஸ் போட்டா இந்த வயசுல நீ உள்ள போகணும்" என்று கையைப் பிடித்துக்கொண்டான். வரதராஜனைக் கூப்பிட்டு நீயும் எழுதிக் கொடுப்பா என்று கெஞ்சினேன், முப்பது வருடம் மாணவர்களை அதட்டி வேலை வாங்கிய நான் கெஞ்சினேன் நிலானி. "மேடம், எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க, விட்டுடுங்க" என்று வைத்துவிட்டான். அவனை என்ன குறை சொல்வது. செவ்வாய்க்கிழமை விசாரணைக் குழுவுக்கும் இறந்துபோன பெண்ணின் கணவருக்கும் பிரதி அனுப்பிவிட்டேன். குழுவிலிருந்து இதுவரை ஒரு வரி பதில் இல்லை. ஓய்வு பெற்றவள் பெண்ணைக் காப்பாற்றக் கதை கட்டுகிறாள் என்று ஒதுக்கிவிடுவார்களோ என்னவோ. அந்தக் கணவர் மட்டும் நேற்று கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். "அந்த டாக்டர் பொண்ணு கடைசி வரைக்கும் அழுதுகிட்டே நெஞ்ச அமுக்கிக்கிட்டு இருந்துச்சுன்னு நர்சம்மா சொன்னாங்க" என்றார். பிறகு, "நீங்க எழுதினது நெஜமாம்மா" என்று கேட்டார். நிஜம் என்றேன். அழைப்பு துண்டானது.

வரும் புதன்கிழமை மறுபடி நடக்கும் விசாரணையில் உன்னைக் கூப்பிட்டால் எதையும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடாதே. மூன்று முறை கூப்பிட்ட நேரம் உன் போனில் இருக்கும், அழித்துவிடாதே. இரவில் தனியாகப் படுக்காதே, பிரணவியிடம் சொல்லியிருக்கிறேன், அவள் உன்னோடு இருப்பாள். நம் துறையில் இருப்பவர்கள் மனம் உடைந்தால் என்ன பயம் என்று எனக்குத் தெரியும், முப்பது வருடத்தில் இரண்டு பேரை இழந்திருக்கிறேன், அதனால் வெட்கம் பார்க்காமல் கேட்கிறேன், அந்த எண்ணம் வந்தால் அந்த நிமிடமே அவளை எழுப்பு, என்னை எழுப்பு. ஒரு வாய் சாப்பிடு. நீ நல்ல மருத்துவர், நூறு வயது இருந்து இன்னும் நிறையப் பேரை மூச்சுவிட வைக்கவேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம்.

அப்பாவை அண்ணனிடம் விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறுகிறேன், திங்கள் மதியத்துக்குள் உன் விடுதிக்கு வந்துவிடுவேன். என்னை மன்னிக்கச் சொல்லவில்லை. கதவைத் தட்டும்போது திற. முகத்தைப் பார்த்துத் திட்டுவதற்காகவாவது திற.

உன் அம்மா,
மங்கையர்க்கரசி