எனக்கு மட்டும் என்று வந்த தள்ளுபடி

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும்.

பெயிண்ட் கடையை மூடிவிட்டு உன்னோடேயே வந்து இருந்துவிடச் சொல்லி எழுதியிருந்தாய். அப்பா சரி என்றுவிட்டார், எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. முனையில் அந்தப் பெரிய கடை வந்ததிலிருந்து நம் பெயிண்டர்கள் ஒவ்வொருவராக அங்கே போனது உனக்குத் தெரியும். அதே பெயிண்டை நாம் கம்பெனியிடம் வாங்குகிற விலையைவிட அவன் விற்கிற விலை குறைவு, பிறகு எப்படி மூச்சு விடுவது? அதனால் ஒரு காரியம் செய்தேன், சிரிக்காதே. கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு அவனிடமே போய்ப் பத்து டப்பா வெள்ளை வாங்கி வந்து நம் அலமாரியில் அடுக்கிவிட்டேன். அவன் ஸ்டிக்கரைக் கிழிக்கத்தான் மறந்துபோனேன். கம்பெனி சேல்ஸ்மேன் அதைப் பார்த்துவிட்டு, என்னம்மா, எங்ககிட்ட வாங்காம வெளியே வாங்கறீங்களா என்று குதித்தார். எனக்கு வந்த கோபத்தில் அவர் பில்லையும் அந்தக் கடைப் பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மனிதர் முகம் தொங்கிப்போயிற்று. மெதுவாகக் குனிந்து, உங்களுக்கு மட்டும் பெரிய கடைக்குப் போடற விலையே போட்டுத் தர்றேன், எதிர்க்கடைக்குத் தெரிய வேணாம் என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், ஆசையாகத்தான் இருந்தது. அப்பா கண்ணாலேயே வாங்கிக்கொள் என்றார். எதிரில் பெயிண்ட் கடை வைத்திருப்பவர் பதினொரு வருஷமாக நம்மோடு முகம் கொடுத்துப் பேசாதவர். ஆனால் அவரும் நம்மைப் போலத் தேய்ந்துகொண்டிருப்பவர்தானே, நம் கழுத்துக் கயிற்றை அவர் கழுத்தில் மாட்டுவதா? ஜன்னலுக்கு நிறம் பார்க்க வந்த வக்கீலம்மாவிடம் கேட்டேன். ஒரே சரக்கை, போட்டி போடற கடைங்களுக்குக் காரணமில்லாம வேற வேற விலைக்குக் குடுத்து ஒருத்தரை நசுக்கக் கூடாதும்மா, நம்ம சட்டம் அப்படி, லாரி நிறைய எடுத்து கம்பெனிக்குச் செலவு மிச்சமானா அந்த அளவு குறைக்கலாம், தெரிஞ்சே மறைவா சலுகை வாங்கறவங்களும் மாட்டுவாங்க என்றார். அந்தத் தனி விலை வேண்டாம் என்று சேல்ஸ்மேனிடம் சொல்லிவிட்டேன்.

அன்றைக்கே சாலையைத் தாண்டிப் போனேன். சண்டைக்கு வருகிறேன் என்று நினைத்து எதிர்க்கடைக்காரர் எழுந்து நின்றுவிட்டார். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் கம்பெனிக்கு எழுதினோம், வக்கீலம்மா சட்டத்தை அதில் அழுத்தமாகவே சேர்த்தார். மூன்று வாரத்தில் பதில் வந்தது, இனி எல்லாக் கடைக்கும் ஒரே விலைப்பட்டியல், எடுக்கிற அளவுக்கு ஏற்ற தள்ளுபடி மட்டும்தான். நம் ஒரு கடையால் லாரி நிறையாது, இரண்டு கடை சேர்ந்து எடுக்கலாமா என்று கேட்டோம், எடுக்கலாம் என்றார்கள். நேற்று முதல் லாரி வந்தது, பாதி அங்கே பாதி இங்கே இறக்கினோம். பெரிய கடை இன்னமும் கொஞ்சம் மலிவுதான், ஆனால் நிறம் கலப்பதில் உன் அப்பாவை அவனால் ஜெயிக்க முடியுமா? பெயிண்டர்கள் இரண்டு பேர் திரும்பி வந்துவிட்டார்கள்.

ஆகவே கடையை மூடவில்லை பாப்பா, கோபித்துக்கொள்ளாதே. ஒரு மாதம் மட்டும் உன்னைப் பார்க்க வருகிறோம், திரும்புகிற டிக்கெட்டையும் சேர்த்தே எடு. அந்த ஒரு மாதமும் கடையை யார் பார்ப்பது என்று கவலைப்படாதே. சாவியை எங்கிட்ட குடுத்துட்டுப் போங்க என்று எதிர்க்கடைக்காரரே சொல்லிவிட்டார்.

இருவரும் ஒரு குறையுமில்லாமல் நிறைவாக வாழுங்கள். பல் டாக்டரிடம் போவதை இனியும் தள்ளிப்போடாதே.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா