உன் விலா ஆறும்வரை வண்டி எனக்கு

துல்லியோ,

நீ எழுந்திருக்கும்போது நான் லொனாத்தோ பந்தயத் தடத்தில் இருப்பேன். உன் கோ-கார்ட் பந்தய வண்டியும் என்னோடுதான். கத்தாதே, விலா வலிக்கும்.

போன ஞாயிறு நீ சுழன்று போய்த் தடுப்பில் மோதியதற்கு டயரைத் திட்டாதே. அது சூடாகிப் பிடிப்பு வருமுன்பே வளைவில் பறந்தாய். "விலாக்கவசமெல்லாம் பயந்தாங்கொள்ளிங்க போடறது" என்றாய். இப்போது தும்மவும் முடியவில்லை. நான் கவசம் போட்டுக்கொள்வேன். உன் இருக்கை எனக்குத் தொளதொளவென்று இருப்பதால் மெத்தைத் துண்டு செருகியிருக்கிறேன். முதல் சுற்றுகளை நிதானமாகவே ஓட்டுவேன்.

அடுப்பில் பொலெந்தா சோளக்களி இருக்கிறது, சூடாக்கிச் சாப்பிடு. மதியம் உன் அக்கா புரூனா வருவாள். நான் மாதா கோயிலுக்குப் போயிருப்பதாகச் சொல்.

"அம்பது வயசுல உனக்கெதுக்குடி பந்தயம்?" என்று நேற்று கேட்டாயே. தடத்தோரம் நின்று உனக்குக் கைதட்டியே ஐம்பதாகிவிட்டது, அதனால்தான்.

ஒர்னெல்லா

பின்குறிப்பு: வண்டியை வெளியே தள்ளும்போதுதான் பார்த்தேன். நான்கு சக்கரத்திலும் புது டயர்! என் எடைக்குத் தகுந்தபடி காற்றும் வைத்திருக்கிறாய். என்னோடு சண்டை போட்டுவிட்டு, அந்த விலாவோடு எப்படியடா குனிந்தாய்? புரூனாவிடம் உண்மையையே சொல்லி, அவள் காரில் ஏறி வந்துவிடு. போட்டி மூன்று மணிக்கு.