ஈயத்தாள் சுற்றிய ஃபியூஸ்

போன வாரம் மருமகனின் காருக்கு சப்வூஃபர் ஸ்பீக்கர் பூட்ட ஹட்டனில் ஒரு கடைக்குப் போனோம். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. வீட்டில் சும்மா குந்தியிருக்கிற மாமனாரைக் காற்றாட அழைத்துப் போவது அவருடைய பழக்கம். கடைக்காரர் பெட்டரியிலிருந்து தடித்த சிவப்பு வயரை இழுத்தார். புது வயரின் பிளாஸ்டிக் வாசம் மூக்கில் ஏறியதுமே எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது. பெட்டரிக்கு ஒரு சாண் தள்ளி அவர் ஃபியூஸைப் பொருத்தும்போது, "இது கட்டாயம் வேணுமா?" என்று மருமகன் கேட்டார்.

"கட்டாயம் வேணும் சேர். அந்தக் காலத்துல டயகம பக்கத்து ஆளு ஒருத்தரு ஃபியூஸ் போடாம அம்ப்ளிஃபயர் பூட்டி, ஒரு வேனையே எரிச்சிட்டாராம். எங்கப்பா சொல்லுவாரு."

அந்த ஒருத்தர் நீதான். மருமகன் சிரித்தார். நான் வாயைத் திறக்கவில்லை. நீ போய் இரண்டு வருஷமாகிறது. உன் பேர்கூட மறந்துபோன பிறகும், நீ செய்யாத தப்பு மட்டும் கடை கடையாக நடமாடிக்கொண்டிருக்கிறது. அதை நடமாட விட்டவன் நான்.

எண்பதுகளின் தொடக்கம் அது. டயகமவிலிருந்து ஹட்டனுக்கும் வட்டவளைக்கும் நான் முதலாளியின் வேனை ஓட்டினேன். நீ தேயிலைத் தோட்டத்து ஃபெக்டரியில் எலக்ட்ரீஷியன். பாட்டு அதிர்ந்தால்தான் சனம் ஏறும் என்று முதலாளி கொழும்பிலிருந்து ஒரு அம்ப்ளிஃபயரும் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கரும் கொண்டுவந்தார். ஸ்பீக்கருக்குப் பெட்டி வேண்டுமே. ஃபெக்டரியில் கழித்துப் போட்ட தேயிலைப் பெட்டிகளை நீ கேட்டு வாங்கி வந்தாய். உள்ளே ஒட்டியிருந்த ஈயத்தாளை உரித்துவிட்டு, பலகையை இரட்டையாக அடித்து, மூலைகளில் வச்சிரப் பசையையும் மரத்தூளையும் குழைத்துப் பூசினாய். "காத்து ஒழுகுனா பேஸ் சத்தம் செத்துரும் மச்சான்" என்றாய். பிறகு பாட்டைப் போட்டு, பெட்டியின் மேல் ஒரு பிடி தேயிலைத் தூளைத் தூவினாய். தூள் துள்ளுகிற இடத்தில் பலகை தளர்ந்திருக்கிறது என்று கணக்கு. அங்கே ஓர் ஆணி. தூள் கிடந்த இடத்திலேயே கிடக்கும்வரை நீ விடவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின. என் பொறுமை முதல் ஞாயிறே போய்விட்டது.

கடைசியாக, முன் சீட்டுக்கு அடியில் இருந்த பெட்டரிக்குப் பக்கத்தில் கண்ணாடி ஃபியூஸைப் பூட்டி, என் கையைப் பிடித்து அதைத் தொட்டுக் காட்டினாய். "இது போச்சுன்னா பாட்டு நின்னுரும். புதுசு போடுற வரைக்கும் ஒண்ணும் செய்யாத." நான் தலையாட்டினேன். உரித்துப் போட்ட ஈயத்தாள் பளபளவென்று இருந்ததால் ஒரு துண்டை மடித்து டேஷ்போர்டில் வைத்திருந்தேன்.

ஒரு கல்யாண ஓட்டத்தில் ஏற்றத்தில் பாட்டு நின்றது. மாப்பிள்ளையின் சிநேகிதர்கள், "என்னண்ணே, பொட்டி ஊமையாயிருச்சா?" என்று கேலி செய்தார்கள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எரிந்த ஃபியூஸில் அந்த ஈயத்தாளைச் சுற்றிச் செருகினேன். பாட்டு வந்தது, எல்லோரும் கைதட்டினார்கள். நாளைக்குப் புதிது வாங்கலாம் என்று நினைத்தேன். மூன்று வாரம் நாளைக்கு நாளைக்கு என்றே ஓடியது.

வட்டவளை இறக்கத்தில்தான் சீட்டின் இரும்பு வயரை உரசித் தின்றுவிட்டது. ஃபியூஸ் இருந்திருந்தால் அது எரிந்து அதோடு முடிந்திருக்கும். ஈயத்தாள் கரண்டை நிற்க விடவில்லை. சீட்டுக்கு அடியிலிருந்து புகை, பிறகு நெருப்பு. சனத்தை இறக்கிவிட்டேன், ஒருவருக்கும் காயமில்லை. பக்கத்து ஆற்றுத் தண்ணீரை அள்ளி ஊற்றி அணைப்பதற்குள் வேனில் பாதி போய்விட்டது.

மறுநாள் முதலாளி வந்தார். நீயும் வந்திருந்தாய், சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாய். "யாருடா வயர் போட்டது?" என்று முதலாளி கேட்டார். நான் உன்னைக் காட்டினேன். அது பொய்யில்லை, அதனால்தான் இன்னும் அசிங்கமாக இருக்கிறது. வீட்டில் என் மனைவிக்கு ஏழு மாதம். வேன் வேலை போனால் நான் மறுபடியும் மலையில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டப் போக வேண்டும். இவையெல்லாம் காரணங்கள்தான். ஆனால் அந்த நேரத்தில் காரணம் எதுவும் என் மனதில் ஓடவில்லை. பயந்துவிட்டேன், அவ்வளவுதான்.

நீ நிமிர்ந்தாய். உன் கை கருகிய ஃபியூஸ் போல எதையோ சட்டைப் பைக்குள் போட்டது. என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, "ஆமாங்க மொதலாளி, நான் போட்ட வயருதாங்க" என்றாய்.

கோயில் கமிட்டித் தலைவர், "வேனக் கொளுத்துன கை நம்ம கோயிலுக்கு வேணாம்" என்று சொன்னாராம். வருஷா வருஷம் திருவிழாவுக்கு லைட்டும் ஒலிபெருக்கியும் கட்டியவன் நீ. அந்த வருஷம் வேறு யாரோ கட்டிய ஸ்பீக்கருக்குக் கீழே, உன் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு கூட்டத்தோடு நின்றாய். ஸ்பீக்கர் கொரகொரவென்று இழுத்தது. உன் விரல்கள் பிள்ளையின் காலைப் பிடித்தபடி நெளிந்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டுக் கூட்டத்தின் மறுபக்கம் போய்விட்டேன்.

அந்தத் திருவிழாவுக்கு முன்னாலேயே ஒருநாள் நீ என் லயத்து வீட்டுக்கு வந்து என் கையில் ஒரு தீப்பெட்டியை வைத்தாய். உள்ளே ஆறு கண்ணாடி ஃபியூஸ். "இனிமே ஈயத்தாள் சுத்தாத மச்சான்." அவ்வளவுதான் சொன்னாய். நீ திட்டியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தி, சண்டை போட்டு, ஒருவேளை உண்மையையும் கக்கியிருப்பேன். நீ பால் விடாத பிளேன்டீ குடித்துவிட்டுப் போனாய்.

உன் சாவு வீட்டிலும் யாரோ அந்தக் கதையைச் சொன்னார்கள். உன் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். அங்கேயும் நான் சும்மாதான் இருந்தேன்.

நேற்று தனியாகப் பஸ் ஏறி அந்தக் கடைக்குப் போனேன். மருமகனை அழைத்துப் போகவில்லை. அந்த அளவு துணிச்சல் இன்னும் வரவில்லை. கடைக்காரரிடம், "நீங்க சொன்ன கத தப்பு தம்பி. அவரு ஃபியூஸ் போட்டிருந்தாரு. நீங்க போட்ட மாதிரியே, ஒரு சாண் தள்ளி. டிரைவருதான் அது எரிஞ்சதும் ஈயத்தாள சுத்திட்டான்" என்றேன். உன் முழுப் பேரையும் சொன்னேன். இதைச் சொல்லும்போதும் "டிரைவர்" என்றுதான் வந்தது பார்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டே, "அந்த டிரைவரு இப்ப எங்கங்க?" என்று கேட்டார்.

நீ தந்த தீப்பெட்டியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தேன். "ஒங்க முன்னாலதான் நிக்கிறேன்."

அவர் பெட்டியைத் திறந்து ஒரு ஃபியூஸை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளே கம்பி அறாமல் அப்படியே இருந்தது. "நல்லாத்தான் இருக்குங்க ஐயா. ஆனா நாங்க இப்ப பூட்டுறதுல இது எதுக்கும் பொருந்தாது."

தெரியும் என்றேன். ஆறையும் எண்ணிப் பார்த்து, திரும்பச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.