கண்ணில் ஒற்றிச் செருகிய வயர்

மேற்பிரிவு,
தெமோதரை.
ஐப்பசி, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் சுதர்ஷினிக்கு அம்மா எழுதிக்கொள்வது,

நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, ஏசிக் குளிரில் காதை மூடிக்கொண்டு படுத்து, தடிமன் காய்ச்சல் ஒன்றும் அண்டாமல் இருக்க வேண்டும் என்று மாரியம்மனைக் கும்பிட்டுக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்கால் வலியும் அவரை விட்டுப் பிரியாமல் சுகமாகவே இருக்கிறது. போன் இருக்கும்போது அம்மா ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நீ யோசிப்பாய். பரீட்சை என்று நான் வாயைத் திறந்தாலே சிக்னல் இல்லம்மா அப்புறம் எடுக்கிறேன் என்று வைத்துவிடுகிறாய். நெட்வேர்க் படிக்கிற பிள்ளைக்கு அம்மா பேசும்போது மட்டும் சிக்னல் போய்விடுவது எப்படி என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. காகிதத்தை அப்படி வெட்ட முடியாது பார். பண்டாரவளைத் துணிக்கடை ஜௌபர் நானாவின் மகன் ஷிராஸ் டோஹாவுக்கு வேலைக்கு வருகிறான், அவன் கையில்தான் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். பார்சலில் முறுக்கும் நம் பக்டரித் தேயிலைத் தூளும் இருக்கும், அடியில் ஒரு வயரும் இருக்கும். வயரைப் பார்த்துவிட்டு அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று உடனே அப்பாவுக்குப் போன் போடாதே, கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டுப் பேசு.

முதலில் ஊர்ச் சங்கதி. மழை விடவே இல்லை, பதுளை ரோட்டில் மண் சரிந்து இரண்டொரு நாள் பஸ் ஓடவில்லை. கொழுந்து மட்டும் நன்றாக வருகிறது, நான் பிள்ளை பார்க்கிற பிள்ளைக்காம்பராவில் பிள்ளைகளும் நன்றாகவே கத்துகிறார்கள், உன் அம்மாவின் தொண்டை அவர்களோடு போட்டி போட்டுக் கட்டிக்கொண்டுவிட்டது. லெட்சுமி அத்தை வீட்டு ஆட்டுக்குட்டி உன் பழைய பள்ளிக்கூடப் பையின் வாரைத் தின்றுவிட்டது, அதைப் பற்றி அத்தை ஒரு வார்த்தை கேட்கவில்லை, நானும் பேசாமல் இருக்கிறேன், ஆனால் மறக்கவில்லை. இப்போது உன் சங்கதி. அந்த நெட்வேர்க் சான்றிதழ்ப் பரீட்சையில் தவறிவிட்டாய் என்று நீ சொன்ன அன்று அப்பா அதற்கென்ன என்று சிரித்தார். போனை வைத்ததும் இரண்டு பேரும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தோம். பெயிலானதற்காக இல்லை சுதா. பழுது பார்க்கும் கேள்வி வந்ததும் பதறிப்போய் அதை மாற்றி இதை மாற்றி நேரம் முடிந்துவிட்டது என்றாய், அது யாருக்கும் நடக்கும். அதற்குப் பிறகு ஒன்று சொன்னாயே, "எனக்கு இதெல்லாம் வராதும்மா, நான் விட்டுர்றேன்" என்று, அதுதான் நெஞ்சில் தைத்தது. பாஸ் பண்ணினால் நெட்வேர்க் பகுதிக்கே எடுத்துக்கொள்கிறேன் என்று உன் மேலதிகாரி சொல்லியிருக்கிறார், இல்லையென்றால் ஹோட்டலுக்கு வருகிறவர்களுக்கு வைஃபை பாஸ்வேர்டு சொல்லிக்கொண்டு அதே நாற்காலியில்தான் இருக்க வேண்டும் என்றும் நீயே சொன்னாய். மறு பரீட்சைக்கு அடுத்த மாதம் நாள் குறித்ததை நீக்கப் போகிறேன் என்கிறாய். நீக்குவதற்கு முன்னால் இங்கே நடந்ததைக் கேள்.

சரஸ்வதி பூசைக்கு இந்த முறை மாதர் சங்கத்துக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து சனசமூக நிலையத்துக் கம்பியூட்டர் அறையிலும் பூசை வைப்பது என்று முடிவு செய்தோம். பக்டரியில் மெசினுக்குப் பொட்டு வைக்கிறார்கள், செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்திக்கும் மம்பட்டிக்கும் வைக்கிறோம், பிள்ளைகள் படிக்கிற கம்பியூட்டருக்கு மட்டும் ஏன் இல்லை என்று நான்தான் கேட்டேன். பிள்ளைக்காம்பராவுக்குப் பக்கத்து அறை என்பதால் சாவி என்னிடம்தான் இருந்தது. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, தூசி தட்டி, மேசையைத் துடைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். வரிசையாக ஓட்டை ஓட்டையாக இருக்குமே, நீ சுவிட்ச் என்று சொல்கிற பெட்டி, அதற்குப் பெரிய பொட்டாக வைத்து ஒரு செவ்வந்திச் சரமும் போட்டேன். அந்தப் பெட்டியிலிருந்து ஒரு வயர் இறங்கி அதன் மறு முனை சும்மா தரையில் கிடந்தது. பொறுப்பாக இருக்கிற அழகர் தன் லெப்டொப்பைக் கொண்டுவந்தால் அதில் மாட்டுவானாம், அது எனக்கு அப்போது தெரியாது. பூசை அறையில், படிப்புச் சாமான், கால் படுகிற இடத்தில் கிடக்கிறது. நீயே சொல், மிதித்துக்கொண்டு போவதா. குனிந்து எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, அதன் வாயிலும் துளி குங்குமம் வைத்து, அதே பெட்டியில் காலியாக இருந்த ஓட்டையில் டக்கென்று செருகினேன். அதுவும் சரஸ்வதி பக்கத்திலேயே இருக்கட்டும் என்று ஒரு நிறைவு எனக்கு.

நீ இந்நேரம் தலையில் கை வைத்திருப்பாய், வைத்துக்கொள், மேலே படி. மறுநாள் விஜயதசமி, பாடம் தொடங்குகிற நாள், ஏ.எல். பரீட்சை எழுதுகிற பிள்ளைகளுக்குப் பதுளையில் படிப்பிக்கிற சேரின் இணைய வகுப்பும் அன்று பின்னேரம் இருந்தது. அழகர் கரண்டைப் போட்டதும் அந்தப் பெட்டியில் இருந்த அத்தனை விளக்கும் ஒரே நேரத்தில் படபடவென்று மின்ன ஆரம்பித்தது. தீபாவளி மாதிரி அழகாக இருந்தது. அப்பா கையெடுத்துக் கும்பிட்டு, "பாத்தியா ஜீவராணி, சரஸ்வதி உள்ளயே வந்து குந்திட்டா" என்றார். குந்தினவள் வேறு யாரையும் உள்ளே விடவில்லை. ஒரு கம்பியூட்டரிலும் ஒன்றும் திறக்கவில்லை, போனில் வைஃபையும் சுற்றிச் சுற்றி நின்றுவிட்டது. அழகர் நிறுத்திப் போட்டான், மறுபடி நிறுத்திப் போட்டான், வரிசையாக எல்லா வயரையும் அமுக்கிப் பார்த்தான். செருகாமல் தொங்குகிற வயர் ஒன்றுகூட இல்லை என்றான். அதுதானே வினை, ஆனால் அப்போது யாருக்குத் தெரியும். பதுளையில் கம்பியூட்டர் கடை வைத்திருக்கிற பர்ஹானுக்குப் போன் போட்டால், ரோட்டில் மண் கிடக்கிறது, வழி திறந்ததும் வருகிறேன், சந்தன ஈரம் உள்ளே போயிருந்தாலும் போயிருக்கும், கழற்றிக் காய வையுங்கள் என்றது அந்தத் தம்பி. அவ்வளவுதான், லெட்சுமி அத்தைக்கு அவல் கிடைத்துவிட்டது. சந்தனம் பூசியே பெட்டியைக் கொன்றுவிட்டாள் என்று லயம் லயமாக, வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போனாள். அப்பா பெட்டியைக் கழற்றி அடுப்படிக்குப் பக்கத்தில் வைத்து, பிள்ளைக்குத் தலை காய வைக்கிற மாதிரி காய வைத்துக் கொண்டுவந்தார். நான் பூசையில் இருந்தபடியே இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக ஒரு வயர் மாறாமல் செருக வைத்தேன். மறுபடி அதே மின்னல். வகுப்புக்கு வந்த பிள்ளைகள் வாசலில் கொப்பியோடு நிற்கிறார்கள், அதுதான் தாங்க முடியவில்லை. பாடம் தொடங்குகிற நாளில் பாடத்தை நிறுத்தினவள் என்று ஆகிவிட்டேனே என்று உண்மையாகவே அழுகை வந்துவிட்டது.

ரொட்டி தட்டினால் மனம் ஆறும் என்று வீட்டுக்கு வந்து மாவைப் பிசைந்தேன். ரொட்டி தட்டும்போது நான் உன் குரலைப் போட்டுக் கேட்பது வழக்கம், உனக்குத் தெரியாது. படிக்கிற காலத்தில் வட்ஸ்அப்பில் நீளம் நீளமாகப் பேசி அனுப்புவாயே, அம்மாவுக்கு விளங்குகிற மாதிரி சொல்லிவிட்டால் எனக்கு விளங்கிவிட்டது என்று அர்த்தம் என்று. நான் பதிலுக்குக் கட்டை விரல் படம் போடுவேன், விளங்கினாலும் அதே விரல்தான், விளங்காவிட்டாலும் அதே விரல்தான். பெரும்பாலும் விளங்காத விரல். பாடத்துக்காக நான் கேட்கவில்லை, நீ பேசுகிறாய் என்பதற்காகக் கேட்டேன், திரும்பத் திரும்பக் கேட்டேன். அதில் ஒன்றில் நம் தெமோதரை ரயிலைச் சொல்லியிருப்பாய். அன்றைக்கு மாவுக் கையோடு தேடிப் போட்டேன், நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், உனக்கே மறந்திருக்கும். "அம்மா, தெமோதரையில ரயில் மலைய சுத்தி வந்து ஸ்டேசனுக்கு அடியில பூந்து போயிருதுல்ல, அதனால சரி. அடியில போகாம அதே ஸ்டேசனுக்கே திரும்பி வந்தா எப்படி இருக்கும். சுத்திக்கிட்டே கெடக்கும், ஒவ்வொரு சுத்துக்கும் ஒண்ணு ரெண்டாகும், அப்புறம் வேற எந்த ரயிலுக்கும் எடமிருக்காது. ஒரே வயரோட ரெண்டு முனையும் ஒரே சுவிட்சுல இருந்தா அப்படித்தான், அதுக்குப் பேரு லூப்பு. லைட்டெல்லாம் ஒண்ணா பைத்தியம் புடிச்ச மாதிரி மின்னும். அப்ப பதறக் கூடாதும்மா. கடைசியா யாரு என்னத்த தொட்டாங்கன்னு மொதல்ல கேக்கணும்."

கடைசியாகத் தொட்டது யார், உன் அம்மாதான். ரொட்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன், அது தீய்ந்து அப்பா இரவு தீய்ந்ததைத்தான் தின்றார். அறையில் அழகர் ரவுட்டரைத் தட்டிக்கொண்டிருந்தான், லெட்சுமி அத்தையும் அங்கே இருந்தாள், எங்கே வேடிக்கை நடந்தாலும் இருப்பாள். நான் நேராகப் போய்ச் செவ்வந்திச் சரத்தை ஒதுக்கி, குங்குமம் வைத்த அந்த முனையைப் பிடித்து இழுத்தேன். படபடப்பு நின்றது. கொஞ்ச நேரத்தில் விளக்குகள் பழைய மாதிரி ஒன்று மாற்றி ஒன்று மெதுவாக மின்ன, அழகர் கம்பியூட்டரைப் பார்த்துவிட்டு வந்திருச்சு என்றான். பிள்ளைகள் உள்ளே ஓடிவந்தார்கள், பதுளை சேரின் முகம் திரையில் தெரிந்தது. "யாருக்கா சொன்னது" என்று அழகர் கேட்டான். "எம்மக சொன்னா" என்றேன். டோஹாவுக்கு எப்போது போன் போட்டீர்கள் என்று அவனுக்குக் குழப்பம். எனக்கு என்ன மகிழ்ச்சி தெரியுமா சுதா, அந்த இடத்திலேயே ஆடியிருப்பேன், மாதர் சங்கத் தலைவி என்பதால் அடக்கிக்கொண்டேன்.

மண்ணை அள்ளி வழி திறந்ததும் பர்ஹான் தம்பி வந்து பார்த்தது. ஓட்டைக்குள் ஒட்டியிருந்த குங்குமத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பெரிய சுவிட்சாக இருந்தால் இப்படி யாராவது செருகினாலும் தானே ஒரு வாசலை அடைத்துக்கொள்ளும், இது சின்னது, பாவம், அதற்குத் தெரியாது என்றது. உனக்கு இது தெரிந்திருக்கும். நான் உன் பரீட்சைக் கதையைச் சொன்னேன், கோபித்துக்கொள்ளாதே, அம்மா வாய் சும்மா இருக்காது. அந்தத் தம்பி சொன்னதையும் எழுதுகிறேன். "நானும் அதுல ரெண்டு தரம் பெயிலாகித்தான் பாஸ் பண்ணின அக்கா. மகளுக்கு பாடம் தெரியாம இல்ல, பயத்துல எல்லாத்தையும் ஒண்ணா மாத்தியிருக்கா. ஒண்ண மாத்தி, பாத்துட்டு, பொறகு அடுத்தத தொடச் சொல்லுங்க." இப்போது தோட்டத்தில் எனக்குப் பெயர் லூப்பக்கா. காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் இருந்தே கூப்பிடுகிறார்கள். லெட்சுமி அத்தை வைத்த பெயர்தான், ஆட்டுக்குட்டிக் கணக்கோடு இதையும் சேர்த்து வைத்திருக்கிறேன்.

இனி நான் சொல்ல வந்தது. உனக்கு இது வராது என்று எந்த வாயால் சொன்னாய். ரவுட்டருக்கும் ரேடியோவுக்கும் வித்தியாசம் தெரியாத அம்மாவுக்கு, கடல் தாண்டி, அதுவும் எப்போதோ பேசி அனுப்பியதை வைத்தே பழுதைக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறாய். அந்தப் பரீட்சைத் திரைக்கு முன்னால் உட்காரும்போது பக்கத்தில் அம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருக்கிறாள், அவளுக்கு விளங்குகிற மாதிரி சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொள். பதறாதே, கடைசியாக யார் எதைத் தொட்டார்கள் என்று கேள், ஒன்றை மாற்றிப் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடு. இதெல்லாம் நீ எனக்குச் சொன்னதுதான், திருப்பி உனக்கே அனுப்புகிறேன். மறுபடியும் தவறினால் மறுபடியும் எழுது, எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் விட்டுவிட்டேன் என்று மட்டும் சொல்லாதே, அதை என்னால் கேட்க முடியாது. படிக்க ஆரம்பித்ததும் பழையபடி பேசி அனுப்பு, இந்த முறை விளங்காவிட்டால் கட்டை விரலைக் கீழே காட்டி அனுப்புகிறேன், விளங்கும்வரை நீ விட முடியாது.

மாரியம்மன் துணையோடு நீ நீண்ட ஆயுளும் நல்ல பெயரும் பெற்று, எடுத்த காரியம் கைகூடி, சிரித்த முகத்தோடு இருக்க அம்மாவும் அப்பாவும் மனதார வாழ்த்துகிறோம். முறுக்கைத் தனியாகத் தின்னாமல் உன் அறைப் பிள்ளைகளுக்கும் கொடு, ஷிராஸுக்கு அந்த ஊர் புதிது, என்ன வேண்டும் என்று கேள். அடியில் இருப்பது அந்த வயர்தான், அழகரிடம் வேறு ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டு இதை எடுத்துக்கொண்டேன். மறு முனைக்கும் பொட்டு வைத்துவிட்டேன், இரண்டு முனையிலும் குங்குமம் இருக்கும், துடைக்காதே. எந்தப் பெட்டியிலும் செருகாதே, ஏற்கெனவே ஒரு தோட்டத்தையே நிறுத்திய வயர் அது. நீ படிக்கிற மேசையில் வைத்துக்கொள். ஒரு முனை உன்னுடையது. மறு முனை சும்மா கிடக்கிறது என்று நினைக்காதே, அது நான் பிடித்திருக்கிற முனை.

உன் அன்பு அம்மா,
இரா. ஜீவராணி
(லூப்பக்கா)