அக்கா அனுப்பிய கூப்பன்கள்

மார்ச் 4

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

இங்கு நானும் உங்கள் தம்பியும் நலம். எங்கள் கல்யாண நாளுக்கு நீங்கள் அனுப்பிய பரிசுக் கூப்பன் நேற்று வந்து சேர்ந்தது. எப்போதும்போல உறையைப் பிரித்தவர் உங்கள் தம்பிதான். விருந்துக்கு வந்திருந்த அவருடைய ஆபீஸ் ஆட்கள் முன்னால் எழுந்து நின்று, செய்தி வாசிப்பதுபோல் வாசித்தார். "மூன்று மாத எடைக் குறைப்புப் பயிற்சி. என் தம்பி மனைவிக்கு, மிகுந்த அன்புடன்." எல்லோரும் கைதட்டினார்கள். "அக்காவுக்கு உன் மேல எவ்வளவு அக்கறை பாத்தியா!" என்று என் தோளில் தட்டினார். நான் தண்ணீர் ஜாடியை நிரப்பப் போவதுபோல் உள்ளே போய்விட்டேன். ஜாடி நிறையத்தான் இருந்தது.

போன வருடம் முகப்பொலிவு நிலையம். அதற்கு முந்தின வருடம் 'நாலு பேர் முன்னால் பேசுவது எப்படி' வகுப்பு. நீங்கள் எனக்கு வைத்த 'ஊசி' என்ற பெயருக்கேற்ப, ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஒரு நாளைக்கு அறுபது பேருக்காவது ஊசி குத்துகிறேன். "வலிக்கவே இல்லம்மா" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். என்னிடம் இத்தனை குறை இருப்பது அவர்களில் ஒருவர் கண்ணிலும் படவில்லை பாருங்கள்.

உங்களுக்கும் ஒரு நல்ல நாள் வரும் அக்கா. அப்போது நானும் யோசித்து ஒன்று அனுப்புவேன்.

அன்புடன்,
ஊசி


மார்ச் 15

ஊசியம்மாவுக்கு,

உன் கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒற்று விட்டுப்போன இடங்களைச் சிவப்பு மையால் சுழித்திருக்கிறேன். முப்பத்துநாலு வருடம் பாடம் நடத்திய கை, சும்மா இருக்காது.

கூப்பன் கொடுப்பதில் ஒரு சௌகரியம், அளவு தெரிய வேண்டியதில்லை. உனக்குத் துணி எடுத்தால் நான் எந்த வருடத்து அளவுக்கு எடுப்பது?

ஜூன் முப்பதாம் தேதி நான் ஓய்வு பெறுகிறேன். பள்ளி மண்டபத்தில் விழா. இருவரும் வாருங்கள். வர முடியாவிட்டால் வாழ்த்து அனுப்பினால் போதும், மேடையில் படிப்பார்கள்.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்டினால் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த நாற்பது நாள் நீ என் கூடவே இருந்ததை நான் மறக்கவில்லை. நமக்குள் இருக்கிற விஷயம் நமக்குள்ளேயே இருக்கட்டும்.

அக்கா


ஜூன் 25

அக்காவுக்கு,

எனக்கு லீவு கிடைக்கவில்லை. அவருக்கும் ஆபீஸில் தணிக்கையாம். அதனால் என் உறையை மட்டும் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். உங்களுக்கு இது பொருந்துமா, அது பொருந்துமா என்று நாலைந்து கடை ஏறி இறங்கித்தான் தேர்ந்தெடுத்தேன். உங்கள் அளவு எனக்குத் தெரியும் என்பதால் பெரிய சிரமம் இல்லை.

மறக்காமல் மேடையில் படிக்கச் சொல்லுங்கள். ஒற்றுப் பிழை இருக்காது.

ஊசி


ஜூலை 9

ஊசி,

படித்தார்கள்.

உதவித் தலைமையாசிரியர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மைக் முன்னால் நின்றார். "இயற்கையான முடியில் விக் ஒன்று வாங்கிக்கொள்ளக் கூப்பன். இப்போது வைத்திருப்பது பழசாகிவிட்டதால், தம்பி மனைவியின் அன்புப் பரிசு." பாதியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் வாய் அதன் பாட்டுக்குப் படித்து முடித்துவிட்டது. முன்வரிசையில் ஒரு சின்னப் பெண், "டீச்சர் முடி நெஜமில்லையா?" என்று கேட்டாள். மண்டபத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. என் கை தானாகத் தலைக்குப் போனது. அதை எல்லோரும் பார்த்தார்கள்.

இது தெரிந்தவள் நீ ஒருத்திதான். தம்பியிடம்கூடச் சின்ன ஆபரேஷன் என்றுதான் சொன்னோம். மருந்து ஏற ஏற முடி கொத்துக் கொத்தாக வந்தபோது, நான் கண் விழிப்பதற்குள் தலையணையில் கிடந்ததை எல்லாம் பொறுக்கி எடுத்துவிட்டவள் நீ. அந்தக் கையாலா இதை எழுதினாய்?

இப்போது நீயும் ஒன்று தெரிந்துகொள். உனக்கு வந்த கூப்பன்களில் ஒன்றைக்கூட நான் தேர்ந்தெடுக்கவில்லை. ஒவ்வொரு பிப்ரவரியும் அவன் போன் வரும். "அக்கா, இந்த வருஷம் எடை குறைக்கற எடத்துல ஒண்ணு வாங்கி அனுப்பறேன். நீ உன் பேர்ல போட்டுடு. நான் சொன்னா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவா." நான் என் பெயரை எழுதித் தபாலில் சேர்ப்பேன், அவ்வளவுதான்.

பழியை அவன் தலையில் போட்டுவிட்டு நான் தப்பிக்கப் பார்க்கவில்லை. எழுதும்போது எனக்கும் இனிக்கத்தான் செய்தது. சிவப்பு மையும் என்னுடையதுதான். அதற்கு நீ நேரில் வந்து என்னை ஒரு அறை விட்டிருக்கலாம். இது அறை இல்லை.

இனி எனக்கு எழுதாதே.


ஆகஸ்ட் 29

அக்கா,

எழுதாதே என்றீர்கள். இது ஒன்று மட்டும்.

உங்கள் கடிதத்தை அவரிடம் காட்டவில்லை. "அந்தக் கூப்பனெல்லாம் யாருங்க எடுத்தது?" என்று மட்டும் கேட்டேன். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அக்காதான். ஏன், பிடிக்கலையா?" என்றார். குரலில் ஒரு பிசிறுகூட இல்லை. மூன்று வருடம் உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு என்னைக் குத்தியிருக்கிறார். நான் உங்களைத் திருப்பிக் குத்தினேன். நரம்பு தேடுவதில் என் கை தவறியதே இல்லை என்று பெருமைப்பட்டுக்கொள்பவள் நான்.

போன ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஐம்பது வயது. அதே ஆபீஸ் ஆட்களை எல்லாம் நானே கூப்பிட்டேன். சாப்பாடு முடிந்ததும் ஒரு உறையை நீட்டினேன். "அடடே, இவளும் கத்துக்கிட்டா!" என்று எழுந்து நின்று படித்தார். "விடுதியில் ஒரு மாதத் தங்கல். இரண்டு வேளைச் சாப்பாடு. தனி அறை. ஒருவருக்கு மட்டும்." சிரித்துக்கொண்டே காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"உனக்கு?"

"எனக்கு இல்லீங்க. உங்களுக்கு மட்டும்தான். இன்னைக்கே ஆரம்பம்."

"எல்லாரும் இருக்கறப்ப என்ன வெளையாட்டு இது?"

"எல்லாரும் இருக்கறப்பதானே நீங்க படிப்பீங்க? எனக்கு உடம்பு சரியில்ல, மூஞ்சி சரியில்ல, பேச்சு சரியில்லன்னு அக்கா பேர்ல மூணு வருஷம் வாங்கிக் குடுத்தீங்க. நான் என் பேர்லயே குடுக்கறேன். பெட்டி வாசல்ல இருக்கு."

அவருடைய மேனேஜர் மெதுவாகத் தட்டைக் கீழே வைத்தார். ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். கடைசியில் அவரும் கிளம்பினார். பெட்டியை நான்கு மாடிக்கும் இழுத்துக்கொண்டு இறங்கிய சத்தத்தைக் கடைசிப் படி வரை நின்று கேட்டேன். பொய் சொல்ல மாட்டேன், நெஞ்சு குளிர்ந்தது. இன்னும் குளிர்ந்துதான் இருக்கிறது.

உங்கள் விஷயத்தில் அப்படி இல்லை. உங்களுக்கு உறையை அனுப்பிய அன்று நிலையத்தில் பாடிக்கொண்டே வேலை செய்தேன். இப்போது பாட்டு வாய்க்கு வந்தாலே நிறுத்திவிடுகிறேன். ஆனாலும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. கேட்டால் கொடுப்பதா வேண்டாமா என்று நீங்கள் உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கும். அந்தப் பாரம் உங்களுக்கு எதற்கு?

மாதம் முடிந்ததும் அவர் உங்களிடம்தான் வருவார். சொல்ல வேண்டியது என் கடமை.

ஊசி


செப்டம்பர் 26

ஊசி,

நேற்றுக் காலை வந்தான், பெட்டியோடு.

விழாவுக்குப் பிறகு நான் விக் வைப்பதை விட்டுவிட்டேன். திட்டுத் திட்டாக முளைத்த தலையோடு அப்படியே போய்க் கதவைத் திறந்தேன். "ஐயோ, என்னக்கா இது!" என்று நிலைப்படியைப் பிடித்துக்கொண்டான். சொன்னேன், எல்லாவற்றையும். "எங்கிட்ட ஏன்க்கா சொல்லல?" என்று அழுதான்.

"நீ கேக்கவே இல்லையேடா. அந்த வருஷம் ஒரே ஒரு தடவை போன் பண்ணின, அவளுக்கு மூஞ்சி டல்லா இருக்கு, ஒரு கூப்பன் போடுன்னு. அவ அப்ப பக்கத்து ரூம்ல என் துணியத் தொவச்சுக்கிட்டு இருந்தா."

அவனை உள்ளே கூப்பிடவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

உன்னை நான் மன்னிக்கவில்லை. இனிமேலும் முடியும் என்று தோன்றவில்லை. இதற்குப் பதில் எழுதாதே, எழுதினாலும் பிரிக்க மாட்டேன். இங்கிருந்து கிளம்பியவன் நேராக உன்னிடம்தான் வருவான். வந்து அழுவான், நன்றாகவே அழுவான்.

கதவைத் திறந்துவிடாதே.

அக்கா