தலை முன்னால்

வால்தம்ஸ்டோ, இலண்டன்
14 நவம்பர்

அன்புள்ள தம்பி இராஜேந்திரனுக்கு,

நீயும் குடும்பத்தாரும் சுகமாயிருக்க ஆண்டவரை மன்றாடுகிறேன். எண்பத்தெட்டு வயதில் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் என் சொல் கேட்கிறது. உன் பேத்தி தாரிணிக்கு ஏழாம் மாதம் என்று எழுதியிருந்தாய். மிகவும் சந்தோஷம்.

உன் அண்ணி கிளறிற்றாவைப் போன செவ்வாய் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். காலையில் திடீரென்று மூச்சு இழுத்தது. ஆம்புலன்ஸ் உடனே வந்துவிட்டது. வந்த இருவரில் ஒருத்தி நம் தமிழ்ப் பிள்ளை, கம்சிகா. கிளறிற்றாவைக் கதிரையில் இருத்திக் கட்டி மாடிப்படியில் இறக்கினார்கள். கால் முன்னால்!

எனக்குப் பொறுக்கவில்லை. பேக்கரியின் பழைய பாண் வானுக்கு வெள்ளையடித்து, நீ என் உதவியாளாக இருக்க, நாம் ஊருக்கு ஆம்புலன்ஸ் நடத்தியபோது நான் போட்ட முதல் சட்டம் உனக்கு மறந்திராது. நோயாளி தலை முன்னால்தான் வாசலைத் தாண்ட வேண்டும். கால் முன்னால் போவது பிரேதம். அப்படிச் சொன்னதால்தானே வீட்டார் நம்மை நம்பி ஆளைத் தந்தார்கள்? படியடியில் மறித்து நின்று, திருப்புங்கள் என்று கத்தினேன். "ஐயா, விலகுங்கோ, அம்மாவுக்கு மூச்சு விட ஏலாமல் இருக்கு" என்றாள். நான் அசையவில்லை. அந்தப் பெட்டை தோளால் என்னை ஒதுக்கிவிட்டுப் போய்விட்டாள்.

இன்னும் ஐந்து நிமிடம் போயிருந்தால் காப்பாற்றியிருக்க ஏலாதென்று டொக்டர் சொன்னார். நேற்றுக் கிளறிற்றா கஞ்சி குடித்தாள். உப்பில்லை என்று குறையும் சொன்னாள்.

அன்றிலிருந்து உன் கூடப்பிறந்த தங்கை கலாவதியின் நினைவாகவே இருக்கிறேன். அறுபத்திரண்டாம் ஆண்டில், பிரசவ வலியோடு அவளைத் தூக்கினோம். கால் முன்னால் வாசல்வரை வந்துவிட்டாள். உள்ளே கொண்டுபோய், கட்டிலை நகர்த்தி, ஸ்ட்ரெச்சரைத் திருப்பிவரச் சொன்னேன். "நேரமில்லை அண்ணை, இப்பிடியே போவம்" என்று நீ அழுதாய். சட்டம் சட்டம்தான் என்றேன். ஆஸ்பத்திரிக் கேற்றடியில் அவள் போய்விட்டாள். விதி என்று ஊர் சொன்னது. நானும் அதையே சொன்னேன். நீ மறுவாரம் வழக்கம்போல் வேலைக்கு வந்தாய்.

இந்தப் பிள்ளை என் சொல் கேட்கவில்லை, கிளறிற்றா இருக்கிறாள். நீ கேட்டாய், தம்பி.

கலாவதியைப் பற்றி ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது. தாரிணிக்கு என் ஆசீர்வாதம். அவளுக்கு நேரம் வந்து வண்டி வாசலில் நிற்கும்போது, எந்தப் பக்கமாகவும் தூக்கட்டும். ஒருவரையும் மறிக்க விடாதே.

இப்படிக்கு,
உன் அண்ணன்
செபமாலைமுத்து