ஒரு தரம் மறுத்ததற்காகப் பறப்புப் பட்டியலில் வெட்டப்பட்ட பெயர்

அனுப்புநர்:
தில்லைநாயகி வரதராசா,
மாணவ விமானி, உறுப்பினர் எண் 63,
டீட்டிகோன், சுவிஸ்.

பெறுநர்:
திரு. கஜீவன் அவர்கள்,
பறப்புப் பட்டியல் பொறுப்பாளர்,
ஹோல்ட்ஸ்மாட் கிளைடர் கழகம்.

விடயம்: 26.01.2025 ஞாயிறு பிற்பகல் 2.10க்கு என் பெயர் வெட்டப்பட்டமை தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வழமையாகத் தாங்கள் என்னை அன்ரி என்பீர்கள், நான் தம்பி என்பேன். இது புகார் என்பதால் இன்றைக்கு மட்டும் ஐயா. ஜெர்மனில் எழுதினால் இந்தப் புகார் கழகத்தில் ஒருவருக்கும் விளங்காது என்பதால் தமிழில் எழுதுகிறேன்.

1. எனக்கு வயது ஐம்பத்தொன்று. பொதிக் களஞ்சியத்தில் வேலை. இயந்திரமில்லாத இந்த விமானத்தை ஓட்ட இரண்டு வருடமாகப் பழகுகிறேன். பின் இருக்கையில் பயிற்றுநர் இருக்க நாற்பத்தெட்டுத் தரம் பறந்துள்ளேன். தனியாக ஒரு தரமும் இல்லை. அந்த முதல் தனிப் பறப்பு கழகத்தின் குளிர்கால வார இறுதியில் நடக்கும் என்று சொல்லப்பட்டிருந்தது. அதற்காக மூன்று பேரிடம் கெஞ்சி வேலைமுறை மாற்றினேன்.

2. சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே வந்துவிட்டேன். மூடுபனி நண்பகல் வரை அசையவில்லை. நானும் சும்மா இருக்கவில்லை. இறக்கைகளில் உறைந்திருந்த பனியைத் துடைத்தேன். பனி விலகி வெளித்த பிறகு, மற்றவர்களைத் தரையில் நிற்கும் வின்ச் இயந்திரம் கயிற்றால் இழுத்து ஏற்றும்போது, பதினொரு தரம் இறக்கை நுனியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினேன். மாலையில் பயிற்றுநர் புறூனர் அம்மையார் என்னோடு இரண்டு சோதனைப் பறப்புகள் செய்து, நாளைக்குத் தனியாகத்தான் என்று கைகொடுத்தார்.

3. ஞாயிறு பிற்பகல் 2.10. நல்ல வெயில், காற்றும் இல்லை. பரசூட்டை முதுகில் கட்டிக்கொண்டு நின்றேன். அம்மையார் வந்து, இப்போது போகிறீர்களா என்று கேட்டார். இல்லை, பரவாயில்லை, மற்றவர்கள் குளிருக்குள் நிற்கிறார்கள், அவர்கள் முதலில் போகட்டும் என்றேன். அவர் சரி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவரில் பிழையில்லை. இந்த நாட்டில் இல்லை என்றால் இல்லைதான். இருபத்தாறு வருடமாக இங்கே இருந்தும் முதல் தரத்திலேயே ஓம் என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வருவதில்லை.

4. ஆனால், ஐயா, பக்கத்தில் பேனாவோடு நின்றவர் தாங்கள். கோடு இழுத்தவரும் தாங்கள். "சும்மா சொல்லாதேங்கோ அன்ரி, ஏறுங்கோ" என்று ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? டிசம்பரில் நத்தார் விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது, தேத்தண்ணி வேண்டாம் என்று தாங்கள் இரண்டு தரம் சொன்னதை இங்கே ஞாபகப்படுத்துகிறேன். அதை நம்பி நான் கேத்தலை இறக்கி வைத்தேனா? மூன்றாம் தரமும் கேட்டேன். தாங்கள் இரண்டு கோப்பை குடித்து, ஐந்து றோல்ஸும் சாப்பிட்டீர்கள். இதற்கு என் கணவர் சாட்சி.

5. வெட்டிய பெயரைத் திரும்ப எழுதச் சொல்லிக் கேட்க வெட்கமாக இருந்தது. யாராவது கேட்பார்கள் என்று 4.35 வரை பரசூட்டோடு நின்றேன். பிறகு கயிற்றைச் சுற்றி எல்லாவற்றையும் பூட்டிவிட்டார்கள். நான் பறப்பதைப் படமெடுக்க றெயிலும் பஸ்ஸும் பிடித்து வந்த என் கணவர் வரதராசா, நான் நிற்பதைப் படமெடுத்தார். அதைச் சொந்தக்காரர் குழுவில் போட்டும்விட்டார். "பறந்தாச்சோ, இன்னும் நிக்கிறியளோ?" என்று கனடாவிலிருந்து மைத்துனி இன்று காலையும் கேட்டிருக்கிறா.

6. மூடிய ஓடுதளம் இனி மார்ச் 15 அன்றுதான் திறக்கும். அதற்குள் என் சோதனைப் பறப்புகள் காலாவதியாகிவிடும். மறுபடியும் முதலிலிருந்து. எனக்கு வந்திருக்கும் கோபத்தை மனுவில் எழுத முடியாது.

7. உண்மையையும் எழுதத்தான் வேண்டும். நான் சொன்ன "இல்லை"யில் முக்கால்வாசி மரியாதை, மிச்சம் பயம். பின் இருக்கை வெறுமையாக இருக்கப்போகிறது என்று நினைத்து, பரசூட் வாரைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தேன். அதற்குத்தானே எங்கள் ஆட்கள் இரண்டாம் தரம் கேட்பது? ஒருவர் கேட்டிருந்தால், என்னால் முடியும் என்று அவராவது நினைக்கிறார் என்று எடுத்துக்கொண்டு ஏறியிருப்பேன்.

ஆகவே, மார்ச் 15 காலை பட்டியலின் முதல் வரியில், சோதனைப் பறப்புகளுக்கும் அவற்றையடுத்த தனிப் பறப்புக்கும் என் பெயரை எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். அன்றைக்கும் நான் வேறு ஏதாவது சொல்லக்கூடும். அதைக் காதில் வாங்காமல், இந்தக் கடிதத்தைக் காட்டி என்னை ஏற்றிவிடவும். தாங்கள் கேட்கவிருக்கும் கேள்விக்கான பதிலை இப்போதே, முதல் தரத்திலேயே, கையொப்பமிட்டுத் தருகிறேன்:

ஓம். தனியப் போயிட்டு வாறன்.

இடம்: டீட்டிகோன்
திகதி: 28.01.2025

(ஒப்பம்)
தில்லைநாயகி வரதராசா